டேட்டா லெவல்ஸ்: ஆட்டோவா, வீடியோவா, ஃபுல்லா?

வீடியோ எடிட்டிங், நிறத்திருத்த மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ஒரு கிளிப்பை வலது கிளிக் செய்து கிளிப் ஆட்ரிபியூட்ஸைத் திறந்தால், டேட்டா லெவல்ஸ் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் இருக்கும்: ஆட்டோ, வீடியோ, ஃபுல். படம் வெளுத்துத் தெரிந்தாலும் சரி, நிழலெல்லாம் கரி அப்பியதுபோல் இருந்தாலும் சரி, முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பலர் இதைத் தாண்டி, வளைகோட்டை இழுத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றும் கர்வ்ஸுக்கு நேராகப் போய்விடுகிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி.

விஷயம் சின்னது. 8-பிட் வீடியோவில், வீடியோ லெவல் என்றால் கறுப்பு 16, வெள்ளை 235. ஃபுல் என்றால் கறுப்பு 0, வெள்ளை 255. கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள்தான். 16 என்ற எண்ணைச் சுத்தக் கறுப்பாக எடுத்துக்கொள்வதா, கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்பாக எடுத்துக்கொள்வதா என்று, கோப்பை டிகோட் செய்யும்போது, அதாவது எண்களைப் படமாக விரிக்கும்போது, மென்பொருள் முடிவெடுக்கிறது.

ஆட்டோவில் விட்டால், கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) என்ன, கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை வைத்து அந்த முடிவு எடுக்கப்படும். கேமராவிலிருந்து நேராக வந்த கிளிப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். சிக்கல் வருவது இடையில் யாரோ ஒருமுறை மாற்றி எழுதிய கோப்புகளில்: பழைய கன்வெர்ட்டரில் புகுந்து வந்தவை, ஸ்கிரீன் ரெக்கார்டிங்குகள், எங்கிருந்தோ இறக்கியவை. குறிப்பு தொலைந்திருக்கும், அல்லது பொய் சொல்லும். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து கலர் ரேஞ்ச் வரியைப் பார்த்தால், கோப்பு என்ன சொல்கிறது என்றாவது தெரியும்.

அது உண்மையா என்பதை ஸ்கோப்பில், அதாவது படத்தின் அளவுகளை வரைபடமாகக் காட்டும் கருவியில் பாருங்கள். ரிசால்வின் வேவ்ஃபார்ம் என்ற ஸ்கோப்பில் வெளிச்ச அளவு 10-பிட் அளவுகோலில் தெரியும், 0 முதல் 1023 வரை. 8-பிட்டின் 16-ம் 235-ம் இங்கே 64, 940. நல்ல கறுப்பும் வெள்ளையும் உள்ள ஒரு ஃபிரேமில் கறுப்பு சரியாக 64-இல் உட்கார்ந்து, வெள்ளை 940-ஐத் தாண்ட மறுத்தால், வீடியோ லெவல் கிளிப்பை ஃபுல் என்று படித்திருக்கிறது. வீடியோ என்று மாற்றுங்கள். மாறாக, நிழல்கள் 0-விலும் வெளிச்சங்கள் 1023-லும் தட்டையாக வெட்டுப்பட்டு நின்றால், ஃபுல் கிளிப்பை வீடியோ என்று படித்திருக்கலாம். ஃபுல்லுக்கு மாற்றியதும் தொலைந்த விவரம் திரும்பி வந்தால் சந்தேகம் தீர்ந்தது. வரவில்லையென்றால் எடுக்கும்போதே எரிந்த காட்சி, மறுபடி ஆட்டோவுக்கே போய்விடுங்கள்.

இரண்டிலும் அடங்காத ரகமும் உண்டு. பானசோனிக் ஜிஹெச்5 கேமராவில் லூமினன்ஸ் லெவலை (ஒளி அளவின் வீச்சை) 16-255 என்று வைக்கலாம். கறுப்பு வீடியோ முறை, வெள்ளை ஃபுல் முறை! இதை வீடியோ என்றே படிக்கவிட்டு, மேலே நிற்கும் வெளிச்சத்தை, பிரகாசமான பகுதிகளை ஏற்றி இறக்கும் கெயினைக் குறைத்து இறக்கிக்கொள்வது நல்லது.

சரி, கர்வ்ஸில் இழுத்தால் என்ன குறை? முதலாவது, வண்ணம் துல்லியமாக வராது. வீடியோ லெவலில் ஒளிக்கான இடம் 219 படிகள், நிறத்துக்கானது 224 படிகள். டிகோடர் இரண்டையும் தனித்தனியாக விரிக்கும். ஆர்ஜிபி கர்வ் எல்லாவற்றையும் ஒரே அளவில் விரிப்பதால் நிறச்செறிவு சுமார் 2 சதவீதம் ஏறிவிடும். கண்ணுக்கு அது பெரிதில்லைதான். எனக்கு உறுத்துவது இரண்டாவது: அந்த கிரேடை (நிறத்திருத்த அமைப்பை) அப்படியே காப்பி செய்து, சரியாக டிகோட் ஆன பக்கத்து கிளிப்பில் ஒட்டினால் அது பாழ். லட் (LUT, உள்ளே வரும் நிற எண்களை வேறு எண்களாக மாற்றும் அட்டவணை) போட்டு வேலை செய்பவர்களுக்கு இன்னும் மோசம். லட்டுக்குள் போகும் எண்களே தப்பாக இருக்கும்.

லெவலைச் சரிசெய்தும் நிறம் மட்டும் பிசகினால், அது மேட்ரிக்ஸ் கோளாறாக, அதாவது ஒளி, நிறத் தகவலை ஆர்ஜிபியாக மாற்றும் கணக்கில் வந்த பிழையாக இருக்கலாம். ரெக்.601 (பழைய எஸ்டி வீடியோவின் தரநிலை) முறையில் எழுதியதை ரெக்.709 (எச்டி வீடியோவின் தரநிலை) என்று படித்தால் சிவப்பு லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை மங்கும். சாம்பல் நிறங்கள் மட்டும் அசையாது, ஏனென்றால் அவற்றில் நிறத் தகவலே இல்லை. சாம்பல் சரி, முகம் மட்டும் தப்பு என்றால் டேட்டா லெவல்ஸை மாற்றிப் பயனில்லை.

அதேபோல், எக்ஸ்போர்ட் செய்த கோப்பு மேக்கின் குயிக்டைமில் மட்டும் வெளிறித் தெரிந்தால் அது காமா டேக் (வெளிச்சத்தை எந்த வளைவில் காட்ட வேண்டும் என்று கோப்பில் எழுதும் குறிப்பு) சமாச்சாரம். ரிசால்வின் எக்ஸ்போர்ட் செட்டிங்கில் காமா டேகை ரெக்.709-ஏ என்று வைத்துப் பார்க்கலாம். அதற்காக, எக்ஸ்போர்ட் செய்யும் டெலிவர் பக்கத்து டேட்டா லெவல்ஸை ஃபுல்லுக்குத் தள்ளாதீர்கள். ஃபுல் என்ற குறிப்பைக் கண்டுகொள்ளாத பிளேயரில் அந்தக் கோப்பின் நிழலும் வெளிச்சமும் வெட்டுப்படும். அங்கே ஆட்டோவே இருக்கட்டும்.