ஓலாவா ஹோலாவா: ஸ்பானிஷ் ஆப்போடு ஒரு மாதம்

எனக்குக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு ஹோட்டலில் வேலை. போன சீசனில் ஸ்பெயினிலிருந்து இரண்டு மூன்று குழு வந்தது. தூண் பர்மா தேக்கு, தரை ஆத்தங்குடிக் கல் என்று நான் ஆங்கிலத்தில் விளக்க, பாதி புரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார்கள். சரி, கற்றுத்தான் பார்ப்போமே என்று நானும் சித்தப்பா மகனும் மாதம் 600 ரூபாய் கட்டி ஒரு ஸ்பானிஷ் ஆப்பில் சேர்ந்தோம். தம்பிக்குக் கண் பார்வை கிடையாது. எங்கள் ஹோட்டலில் போன் புக்கிங் முழுக்க அவன்தான். எந்த ஆப் என்று பெயர் போடவில்லை, திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, வம்பு எதற்கு.

'பார்வையற்றவர்களும் பயன்படுத்தலாம்' என்று முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டிருந்தார்கள். தம்பி, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக்கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எட்டு பட்டன் இருக்கு, எட்டுக்கும் பேரே இல்ல" என்றான். படத்தைப் பொருத்தும் பயிற்சியில் "படம், படம், படம்" என்று மட்டும் கேட்டதாம். இதைவிட மோசம், ஸ்பானிஷ் வரிகளை ஆங்கிலக் குரலிலேயே படித்தது. இது ஸ்பானிஷ் என்று உள்ளே குறித்து வைத்திருந்தால், போனில் அந்தக் குரல் இருக்கும் பட்சத்தில் டாக்பேக் தானாக மாறிக்கொள்ளும். சின்ன வேலைதான், செய்யவில்லை. அதனால் வணக்கம் சொல்வதை ஒரு வாரம் அவன் 'ஹோலா' என்றே பழகிவிட்டான். ஸ்பானிஷில் அந்த ஹ வாயில் வராது, 'ஓலா'தான். சனிக்கிழமை நேரடி வகுப்பில் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால் ஏஐயோடு பேசிப் பழகும் பகுதி அருமை, அதை மறைக்கக் கூடாது. அதில் பார்க்க ஒன்றும் இல்லை, பேச்சு மட்டும்தான் என்பதால் தம்பி அங்கே ராஜா. ராத்திரி 11 மணிக்கும் சலிக்காமல் பேசும், மெதுவாகச் சொல் என்றால் சொல்லும். பெரோ என்றால் 'ஆனால்', அதையே நாக்கை அதிரவிட்டு அழுத்தினால் 'நாய்'. கரிக்கும் கறிக்கும் பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கியவனுக்கு இது ஒரு கஷ்டமா? இரண்டாவது தடவையே சரி என்று சொல்லிவிட்டது.

கூத்து என்னவென்றால், கவுனி அரிசியை 'அர்ரோஸ் நேக்ரோ', அதாவது கறுப்பு அரிசி என்று சொல்லிப் பார்த்தேன். உடனே அது கணவாய் மீனை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டது. ஸ்பெயினில் அந்தப் பெயரில் கணவாய் மையில் வேகவைக்கிற சோறு ஒன்று இருக்கிறதாம். தேங்காயும் சர்க்கரையும் போடுகிற இனிப்பு என்று புரியவைப்பதற்குள் அரை மணி நேரம் போனது, ஆனால் அந்த அரை மணியில் கற்றது பாடத்தில் ஒரு வாரம் கற்றதைவிட அதிகம்.

என் பெரிய குறை வேறு. எல்லா விளக்கமும் ஆங்கில வழியாகவே வருகிறது. 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கும், அந்த 'மே' நம் 'எனக்கு' மாதிரியேதான் நிற்கிறது. ஆங்கிலக்காரனுக்கு இது தலைகீழ் என்பதால் இரண்டு பக்கம் விளக்குகிறார்கள், அதைப் படித்துத்தான் நான் குழம்பினேன். 'நான்', 'நீ' சொல்லாமல் வினையை வைத்தே ஆளைக் காட்டுவதும் நம் பழக்கம்தான். நீ, நீங்கள் போலத் 'து', 'உஸ்தெத்' இருக்கிறது. ஆப் முழுக்கத் 'து'தான். ஸ்பெயினில் இப்போது அது சகஜமாம், இருந்தாலும் 70 வயதுக்காரரை நீ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தமிழில் ஒரு விளக்கக் குறிப்பு போட்டிருந்தால் பாதி நேரம் மிச்சம்.

நேரடி வகுப்பில் பேசப் பேச எழுத்தாக ஓடுவது நன்றாக இருக்கிறது, சிக்னல் இருந்தால். எங்கள் சுவர் தடிமனுக்கு வளவுக்குள், அதாவது உள்முற்றத்துப் பக்கம், ஒன்றும் வராது, முகப்புத் திண்ணையில் கொசுக்கடியில்தான் வகுப்பு.

பட்டன் விஷயத்தை எழுதிப் போட்டோம். மூன்று வாரம் கழித்து மைக் பட்டனுக்கு மட்டும் பெயர் வந்திருக்கிறது. நான் அடுத்த மாதத்துக்குக் கட்டவில்லை. தம்பி கட்டிவிட்டான், மீதி ஏழு பட்டனுக்கும் மெயில் போட்டுக்கொண்டிருக்கிறான்.