வெளிச்சம் குறைந்த அறைக்குப் பூக்கன்று: இரண்டு கோடை, இரண்டு மாரி கடந்த பாவனை

"இருட்டிலும் வளரும்" என்று விற்கும் பூக்கன்றுகளில் பல, வாங்கி ஆறு மாதம் வரை பச்சையாகவே நிற்கும். அதற்குப் பிறகுதான் எது தேறும் என்று தெரியும். வன்னி வீடுகளில் அவை சாவதற்கு இருட்டைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம்.

வெக்கைக்கும் கிறவல் வீதிப் புழுதிக்கும் பயந்து யன்னலைச் சாத்தி, திரையும் போட்டு, முன்னுக்கு விறாந்தையும் இறக்கியிருக்கிறோம். வெளியே கண் கூசும் வெயில். யன்னலிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே மத்தியானத்திலும் மங்கல். வைக்கப்போகும் இடத்தில் வெள்ளைத் தாளை விரித்து, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். நிழல் கலங்கலாக விழுந்தால் கீழே வரும் கன்றுகள் தாங்கும். நிழலே விழாவிட்டால் எதையும் வைக்க வேண்டாம்.

முதலிடம் இசட் இசட் பிளான்ட்டுக்கு. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். கோடையில் மூன்று கிழமைக்கு ஒரு தரம், மாரியில் ஐந்து கிழமைக்கு ஒரு தரம் தண்ணீர் போதும். மங்கலான மூலையில் வருடத்துக்கு இரண்டு மூன்று தளிர்தான் விடும். அவசரக்காரருக்கு இது சரிவராது. தண்டு அடியிலிருந்து மஞ்சளானால் கிழங்கு அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே பிடுங்கி, அழுகலை வெட்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் வைக்க வேண்டும். சாறு தோலில் பட்டால் சிலருக்குக் கடிக்கும். ஆட்டுக்குட்டி உள்ளே வந்து போகும் வீடென்றால் உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது ஸ்னேக் பிளான்ட், நம் பற்றைகளில் நிற்கும் மருளின் ஆபிரிக்கச் சொந்தம். இருட்டு கூடினால் புது இலை ஒல்லியாக நீண்டு சாயும். யன்னலுக்குக் கிட்ட நகர்த்தினால் அடுத்த இலை நிமிர்ந்து வரும். மஞ்சள் விளிம்புள்ள வகையை இலைத் துண்டிலிருந்து பெருக்கினால் விளிம்பு போய்ப் பச்சைக் கன்றே வரும். கிழங்கோடு பிரித்து நட்டால்தான் நிறம் தங்கும்.

அக்லோனிமாவில் பச்சை வகையை மட்டும் எடுங்கள். சிவப்பு வகை மங்கலில் வெளிறிவிடும். இலைக் கவட்டில் மாவுப்பூச்சி வரும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியால் கிழமைக்கு ஒரு தரமாக மூன்று தரம் துடைத்தால் அடங்கும்.

ஸ்பைடர் பிளான்ட் இருட்டைத் தாங்கும், ஆனால் கிணற்றுத் தண்ணீரைத் தாங்காது. வவுனியா போன்ற பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைட்டு இருப்பதால் இலை நுனி கருகும். தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை, புளோரைட்டு போகாது. கார்த்திகை மழையை மூடிய பரலில் பிடித்து வைத்தால் இந்தக் கன்று சரி, இல்லாவிட்டால் விடுங்கள். பன்னமும் அந்தூரியமும் கச்சான் காற்று தொடங்கினால் விளிம்பிலிருந்து காயும். காசு வீண்.

மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, அரிசி ஆலை உமிக்கரி ஒரு பங்கு, கழுவிய தும்புத்தூள் ஒரு பங்கு. வயல் மண் வேண்டாம், காய்ந்தால் கல்லாகிவிடும். ஆறு அங்குல மண்சட்டிக்கு ஒரு தரத்துக்குக் கால் லீற்றர் தண்ணீர். ஊற்றுமுன் ஒரு ஈர்க்கை அடிவரை குத்தி இழுங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் வாளியைத் திருப்பிக் கொண்டுபோங்கள். நாள்காட்டியைவிட ஈர்க்கு நம்பகமானது. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஈரத்துணியால் இலையைத் துடையுங்கள். புழுதி படிந்தால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் இலைக்குப் போகாது.

மணிபிளான்ட்டைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. மங்கலில் கொடி நீண்டு, இலை சிறுத்து, மஞ்சள் வரி மறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். வெட்டிய துண்டில் இரண்டு கணு இருந்தால் போத்தல் தண்ணீரில் இரண்டு மூன்று கிழமையில் வேர் விடும். அந்தப் போத்தல்தான் டெங்கு நுளம்புக்கும் தொட்டில். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்சுவரைத் தூரிகையால் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டுவதால் மட்டும் போகாது. சட்டிக்குக் கீழே வைக்கும் தட்டுக்கும் இதே கணக்கு.