கபடி மேட் வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் விரிக்கும்போது கூடவே நில்லுங்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.இ.டி. டீச்சராக இருக்கிறேன். சாயங்காலம் ஊர்க் கபடி டீமையும் பார்த்துக்கொள்கிறேன், பையன்கள் டீம் ஒன்று, பெண் பிள்ளைகள் டீம் ஒன்று. தை மாதம் நடத்திய இரவுப் போட்டிக்கு மண் தரை வேண்டாம், மேட் போடுவோம் என்று கமிட்டி முடிவு செய்தது. மதுரையில் மேட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் பேசி எடுத்தோம். "எப்படி இருந்தது, நாங்களும் எடுக்கலாமா" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

வாடகை கொஞ்சம் கைகடிக்கும். ரெண்டு நாளுக்குக் கொடுத்தது எங்கள் மூன்றாம் பரிசுத் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். அதில் மேட், கோடு போடும் டேப், ஏற்றி இறக்க நாலு ஆள் எல்லாம் அடக்கம். லாரி வாடகை தனி. சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேட் தரமானது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துண்டுகள், ஓரத்தில் பல் வைத்து ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளும் வகை. அமுக்கினால் அமுங்கி உடனே எழும்புகிறது. பழசாகி மேல்தோல் வழுக்குகிற துண்டுகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். டேஷ் அடித்து, அதாவது மோதித் தள்ளி, ஆள் மல்லாக்க விழுந்தாலும் முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் தரையில் ஒரு போட்டி முடிந்தால் முழங்கை, முட்டி எல்லாம் தோல் உரிந்து, டிஞ்சர் பாட்டில் காலியாகிவிடும். இந்த முறை அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

இதோடு நிறுத்தினால் இது விளம்பரமாகிவிடும். மேட் வந்தால் காயம் குறையும் என்று கமிட்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். குறைவது சிராய்ப்பு. முட்டிக்காயம் அப்படியே இருக்கிறது. மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது, பாடிப் போகிற ரைடர் சட்டென்று திரும்பினால் பாதம் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட்டில் ஷூ போட்டால் பாதம் கவ்வி நிற்கும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. அந்த நேரம் பார்த்து ஒருத்தன் ஆங்கிள் ஹோல்டு (கணுக்கால் பிடி) போட்டிருந்தால் ஜவ்வு கிழிய வேறெதுவும் வேண்டாம்.

பெரிய டீமுக்கும் இதே கதைதான். புரோ கபடி லீக் ஏலத்தில் தமிழ் தலைவாஸ் டீம் 2022-ல் ரைடர் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்திலேயே அதிக விலை அவருக்குத்தான். முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். நல்ல மேட், டாக்டர், பிசியோ எல்லாம் கூடவே இருந்த இடத்தில் நடந்தது இது. ஆனால் மறு வருஷமே தெலுங்கு டைட்டன்ஸ் டீம் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. எங்கள் பக்கம் ஜவ்வு கிழிந்த பையன் புத்தூர் கட்டு கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வீட்டில் கிடப்பான், அப்புறம் லோடு ஆட்டோ ஓட்டப் போய்விடுவான்.

ஊர்ப் போட்டியில் ஆடுபவர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வெளியூர் டீமுக்கு கெஸ்ட்டாகப் போய் ஆடிக் காசு வாங்குகிறார்கள். அது அவர்களுக்கு வேலை, விரித்திருக்கும் மேட் வேலை பார்க்கும் இடம். மில்லில் கை நசுங்கினால் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். இங்கே அப்படி ஒரு ரிஜிஸ்டரே கிடையாது.

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரத்தில் பாருங்கள். ஜல்லிக்கட்டுக்கு இறங்குமுன் மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, வாடிவாசல் முன்னால் தேங்காய் நார்க்கழிவு பரப்புகிறார்கள், 108 தயாராக நிற்கிறது. எத்தனை பேருக்குக் காயம் என்று சாயங்காலச் செய்தியிலேயே எண்ணிக்கை வந்துவிடுகிறது. கபடிக்கு அந்த எண்ணிக்கையை யாராவது எங்கேயாவது படித்ததுண்டா?

ஐரோப்பாவில் கால்பந்து கிளப்புகளின் காயங்களை அங்குள்ள கால்பந்துச் சம்மேளனமான யூஃபா 2001 முதல் தொடர்ந்து எண்ணி வருகிறது. அடுத்த பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ வர முடியாமல் போனால்தான் அவர்கள் கணக்கில் அது காயம். அந்த ஆய்வின் முதல் ஏழு சீசன் கணக்குப்படி, 25 பேர் உள்ள டீமில் ஒரு சீசனுக்குச் சுமார் 50 காயம். 1000 மணி நேரப் பயிற்சியில் 4.1 காயம், 1000 மணி நேர ஆட்டத்தில் 27.5. பயிற்சியை விட ஆட்டத்தில் ஆறேழு மடங்கு! இதைப் படித்த பிறகு நானும் ஒரு நோட்டுப் போட்டேன். பெயர், எந்த இடத்தில் அடி, பாடிப் போனபோதா பிடித்தபோதா, மண்ணா மேட்டா, எத்தனை நாள் வரவில்லை. அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

சரி, விரித்த கதைக்கு வருகிறேன். வந்த ஆட்கள் உச்சி வெயிலில் விரித்தார்கள். நடுக்கோட்டிலிருந்து கோத்து இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே போனார்கள், அது சரியான முறை. கோர்வையை ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினார்கள். ஆனால் லாபிப் பக்கம், அதாவது கோர்ட்டின் இரண்டு ஓரப் பட்டைகளுக்கு, வரும்போது கை சோர்ந்துவிட்டது. காலாலேயே மிதித்துக்கொண்டு போனார்கள். நான் குதிகாலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஒரு பல் உள்ளே போகாமல் உதடு மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சொன்னால் அந்த ஆட்களில் பெரியவர் சிரிக்கிறார்: "ஓரந்தானே டீச்சர், அங்க யாரு போயி மிதிக்கப் போறா?"

கபடி தெரிந்தவர் சொல்கிற பேச்சா இது? பிடி விழுந்து போராட்டம் ஆரம்பித்தாலே லாபி ஆட்டத்துக்குள் வந்துவிடும். அத்தனை பேரும் குவிந்து இழுபடுவது அங்கேதான். "அண்ணே, அங்கதான் அண்ணே எல்லாரும் விழுவாங்க" என்று சொல்லி மறுபடி தட்டவைத்தேன். தட்டினார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

வெயிலில் கோத்த மேட் ராத்திரிக் குளிரில் தளர்ந்துவிடுகிறது. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு கோர்வை பிளந்து அதில் கால் சிக்கி எங்கள் பிள்ளை ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் ஒருத்தர் சுற்றி வந்து அமுக்கிப் பார்த்திருந்தால் போதும். வாடகைக்காரரின் ஆட்கள் அப்போது லாரியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவரிடம் சொன்னதற்கு வருத்தப்பட்டார், லாரி வாடகையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். யார் யாருக்கு எந்த மேட்டில் அடிபட்டது என்று எழுதி வைப்பீர்களா என்றேன். எந்தத் துண்டு கிழிந்தது, எதை மாற்றினோம் என்று மட்டும் எழுதுவாராம்.

பனி இன்னொரு தொல்லை. நள்ளிரவுக்கு மேல் மேட் நனைந்து, வேர்வையும் சேர்ந்து வழுக்க ஆரம்பித்துவிடும். துடைக்கத் துணி, ஆள் இரண்டுமே நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், வாடகையில் அது வராது. முதலுதவிப் பெட்டி, ஐஸ், ஸ்ட்ரெச்சர் எதுவும் வராது.

எடுப்பவர்கள் துண்டுக் கணக்கை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆண்கள் கோர்ட் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதற்கு 130 துண்டு. சுற்றி ஒரு வரிசை வேண்டும் என்றால் 180. அந்தச் சுற்று வரிசையை விட்டுவிடாதீர்கள், வெளியே தள்ளப்படுகிறவன் கட்டாந்தரையில் போய்த்தான் விழுவான். பெண்கள் கோர்ட் 12-க்கு 8, கோர்ட்டுக்கு மட்டும் 96, சுற்று வரிசை தனி. பெண்கள் போட்டி மட்டும் நடத்துகிறவர்களிடமும் முழு செட் வாடகையைத்தான் கேட்கிறார்கள், பேசினால் இறங்கி வருகிறார்கள்.

மேட்டுக்குப் பத்துக்கு எட்டு மார்க். விரித்த வேலைக்கு அஞ்சு, அதுவும் நான் பக்கத்தில் நின்றதால். அடுத்த வருஷமும் இவரிடமே எடுக்கலாம் என்றுதான் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெயில் தாழ்ந்த பிறகு விரிக்க வேண்டும், ராத்திரி முழுக்க ஒரு ஆள் சுத்தியலோடு கோர்ட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுவோம். பொங்கலை ஒட்டி எல்லா ஊரிலும் போட்டி நடப்பதால் கார்த்திகையிலேயே சொல்லி வைக்காவிட்டால் மேட் கிடைக்காது.