பாசெட் கூட்டமைப்பின் முனைவர் பட்ட உதவித்தொகை: ஒரு மதிப்பீடு

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில், பொறியியலும் அறிவியலும் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பலரிடம் முனைவர் பட்டம் இல்லை. பட்டம் பெற வெளிநாடு போகிறவர்களில் கணிசமானோர் திரும்பி வருவதில்லை. அவர்கள் வராததால் அடுத்து வரும் மாணவர்களுக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போகிறது, அந்த மாணவர்களும் விமானம் ஏறுகிறார்கள். இந்தச் சுழலை ஒரு நாடு தனியாக நின்று உடைக்க முடியாது என்ற எண்ணத்தில், உலக வங்கியின் துணையோடு 2013-இல் ஆப்பிரிக்க அரசுகள் சில சேர்ந்து உருவாக்கியதுதான் பாசெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டமைப்பு. பயன்பாட்டு அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் திறன் வளர்ப்பது அதன் நோக்கம். தொழிற்பயிற்சி, பல்கலைக்கழகங்களின் தர ஒப்பீடு என்று அதற்குப் பல கிளைகள் இருந்தாலும், ஒரு மாணவர் நேரடியாகக் கைக்கொள்ளக்கூடிய சேவை என்று பார்த்தால் அது ஆர்சிஃப் எனப்படும் வட்டார உதவித்தொகை மற்றும் புத்தாக்க நிதியே. எனவே இந்த மதிப்பீடு பெரும்பாலும் அந்த நிதியைப் பற்றியது. அதன் விதிகளையும் கட்டமைப்பையும், விண்ணப்பிக்க நினைக்கும் ஒருவரின் கண்ணோடு படித்துப் பார்த்து எழுதுகிறேன்.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மாணவர் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்கிறார். பட்டத்தை வழங்குவதும் அதே பல்கலைக்கழகம்தான். இடையில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை, வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் பணிபுரிந்துவிட்டுத் திரும்புகிறார். வெளிநாட்டு ஆய்வகத்தின் கருவிகளும் பழக்கங்களும் அவருக்குக் கிடைக்கின்றன. அதே சமயம் அவருடைய மேற்பார்வையாளர், ஆய்வுக் கேள்வி, தரவு, கட்டுரையில் அச்சாகும் முகவரி ஆகிய அனைத்தும் பதிவு செய்த இடத்தோடு பிணைந்தே இருக்கின்றன. திரும்பி வருவேன் என்று கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களைவிட இந்தப் பிணைப்பு உறுதியானது என்பது என் கருத்து. கையெழுத்தை மீறியவர்களைப் பல நாடுகள் பார்த்திருக்கின்றன. பாதியில் நிற்கும் பட்டத்தை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் குறைவு.

செனகலின் காஸ்தோன் பெர்ஜே பல்கலைக்கழகம், கோத் திவ்வாரின் (ஐவரி கோஸ்ட்) ஃபெலிக்ஸ் ஊஃபுவே புவாஞி பல்கலைக்கழகம், தான்சானியாவின் சொகோயின் வேளாண் பல்கலைக்கழகம், நைஜீரியத் தலைநகர் அபுஜாவிலுள்ள ஆப்பிரிக்க அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை மாணவர்களை ஏற்கும் பட்டியலில் உள்ளன. பிரெஞ்சு வழியும் ஆங்கில வழியும் ஒரே திட்டத்துக்குள் வருவது சிறிய விஷயமில்லை. பக்கத்து நாடுகளாக இருந்தும் மொழியால் பிரிந்து, ஒருவர் ஆய்வை மற்றவர் படிக்காமலே இருந்த நிலைமை இதனால் கொஞ்சமாவது மாறும். ஆனால் பயிற்றுமொழி மாறும் மாணவருக்கு முதல் ஆண்டு எவ்வளவு கடினம் என்பதை விண்ணப்பதாரர் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆய்வுத் துறைகள் ஐந்து: தகவல் தொழில்நுட்பம், உணவுப் பாதுகாப்பும் வேளாண் தொழிலும், கனிமமும் பொருட்பொறியியலும், எரிசக்தி, காலநிலை மாற்றம். பெண்களுக்கும், முனைவர் பட்டம் இல்லாமல் ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னுரிமை உண்டு. இரண்டாவது முன்னுரிமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஓர் ஆசிரியருக்குச் செலவிடும் தொகை அவருக்கு முன்னால் அமர்ந்திருக்கும் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேரும்.

நிர்வாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 முதல் இந்த நிதியை ஒருங்கிணைப்பது நைரோபியிலுள்ள இசிபே, அதாவது பூச்சிகளை ஆராய்வதற்காக 1970-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். சூரிய மின்கலமும் செயற்கை நுண்ணறிவும் படிக்கப் போகிறவரின் கோப்பைப் பூச்சியியல் நிலையம் கையாள்வது முதலில் வேடிக்கையாகத்தான் தோன்றியது. பிறகுதான் அந்நிறுவனம் 1983 முதலே பல நாட்டு மாணவர்களை ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்யவைத்துத் தன் ஆய்வகத்தில் பயிற்றுவித்து வந்திருப்பது தெரிந்தது. இப்போதைய திட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

குறைகளுக்கு வருவோம். 10 ஆண்டுகளில் 10,000 முனைவர்கள் என்பது கூட்டமைப்பு வைத்த இலக்கு. இந்த நிதியின்கீழ் இதுவரை சேர்க்கப்பட்டவர்கள் சில நூறு பேர். மெதுவாகப் போவதில் தவறில்லை. ஒரு மேற்பார்வையாளர் கவனத்தோடு வழிநடத்தக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு, மாணவர்களை ஏற்கும் பல்கலைக்கழகங்களோ சிலவே. அப்படியிருக்க அவ்வளவு பெரிய எண்ணை ஏன் முன்வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மற்றொன்று பணம் வரும் வழி. உறுப்பு அரசுகள் தம் சொந்தப் பங்கைச் செலுத்துவது பாராட்டத்தக்கது, ஏனென்றால் தன் பணம் போட்டவர்தான் கணக்குக் கேட்பார். ஆனால் உலக வங்கியும் கொரிய அரசும் தந்த பங்கு இன்னும் கனமாகவே இருக்கிறது. நிலையான வைப்புநிதி ஒன்று வலுப்பெறும் வரை ஒவ்வோர் ஆண்டுச் சேர்க்கையும் யாரோ ஒருவரின் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்பார்த்தே நிற்கும்.

ஆய்வு மானியமும் புத்தாக்க மானியமும் தனித்தனியே உண்டு என்பதால், பட்டம் முடித்துத் திரும்பியவர் வெறும் மேசையின் முன் உட்கார வேண்டியிராது என்று நம்ப இடமிருக்கிறது. இருந்தாலும் போட்டி வழியே கிடைக்கும் மானியம் எல்லோருக்கும் கிடைக்காது. வெளிநாட்டில் ஓராண்டு பழகிய கருவி சொந்த ஆய்வகத்தில் இல்லையென்றால் அந்தத் திறன் விரைவில் துருப்பிடிக்கும். இந்தத் திட்டத்தில் நான் மதிப்பெண் குறைப்பது இந்த இடத்தில்தான்.

விண்ணப்பிக்க நினைப்பவர் அழைப்பு வெளியாகும் வரை காத்திருக்காமல், தான் சேர விரும்பும் துறைக்கு முன்கூட்டியே எழுதி, மேற்பார்வையாளரிடம் இப்போது எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுக் கூட்டாளி ஆய்வகம் முடிவாகிவிட்டதா, தேவையான கருவி இங்கே இயங்கும் நிலையில் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.