ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் 5×5 ஆப்: பெண்களின் ஸ்குவாட்டுக்கு எதுவரை கைகொடுக்கும்?

ஜிம்மில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு மாஸ்டர் முதலில் காட்டுவது டிரெட்மில், அடுத்து 2 கிலோ டம்பெல். அதைத் தாண்டி ராடு பக்கம் போக நினைப்பவர்கள் ஃபோனில் தேடினால் சீக்கிரமே கண்ணில் படுவது ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் 5×5 என்ற ஆப். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), 5 ரெப் வீதம் 5 செட்: ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப், ஓய்வில்லாமல் செய்யும் ஐந்தும் சேர்ந்து ஒரு செட். 25 ரெப்பும் முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூடும். ஒரே எடையில் மூன்று முறை தோற்றால் 10 சதவீதம் குறையும். ஸ்குவாட்டோடு ஒரு நாள் பெஞ்ச் பிரஸ்ஸும் (படுத்து ராடை மேலே தள்ளுவது) ரோவும் (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது), அடுத்த பயிற்சி நாளில் ஓவர்ஹெட் பிரஸ்ஸும் (நின்று தலைக்கு மேலே தள்ளுவது) டெட்லிஃப்ட்டும் (தரையிலிருந்து தூக்குவது). மொத்தத் திட்டமே இவ்வளவுதான்.

இங்கே ஸ்குவாட்டை மட்டும், அதுவும் 45 முதல் 65 கிலோ எடையுள்ள பெண்களை மனதில் வைத்துப் பார்க்கிறோம். முதல் மூன்று, நான்கு வாரங்களுக்கு இதைவிட எளிய வழி கிடைப்பது கடினம். அதற்குப் பிறகு ஆப் சொல்வதை அப்படியே கேட்டால் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். நிற்பவர் தன் உடம்பைக் குறை சொல்லிக்கொள்வார். கோளாறு இருப்பது 2.5 என்ற எண்ணில்.

கணக்கைப் பாருங்கள். காலி பார், அதாவது பிளேட் மாட்டாத ராடு, 20 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டினால் நாலாவது வாரக் கடைசியில் 47.5 கிலோ. எட்டாவது வாரக் கடைசியில் 77.5. பன்னிரண்டாவது வாரத்தில் 107.5. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும் 80 கிலோ இளைஞனுக்கு இது எட்டக்கூடிய தூரம். 55 கிலோ பெண்ணுக்கு 47.5 வரை பெரும்பாலும் சிக்கலில்லை, 77.5 கிலோவை 25 ரெப் எட்டே வாரத்தில் என்பது மிகச் சிலருக்கே நடக்கும். 2.5 என்ற படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். 100 கிலோ தூக்குபவருக்கு 2.5 கிலோ என்பது 2.5 சதவீதக் கூடுதல். 30 கிலோ தூக்குபவருக்கு அதே 2.5 கிலோ 8 சதவீதத்துக்கு மேல். இரண்டையும் ஒரே படி என்று சொல்ல முடியுமா? சதவீதக் கணக்கில் பார்த்தால் கால் வலிமை ஏறும் வேகத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் போக்கு. தொடங்கும் இடம்தான் வேறு.

ஆகவே ஆப்பில் மாற்ற வேண்டிய முதல் விஷயம் கூட்டும் அளவு. 40 கிலோ வரை 2.5 கிலோவாகவே போகலாம். ஒன்பதாவது நாளில், அதாவது மூன்றாவது வாரக் கடைசியில், அங்கே வந்துவிடுவீர்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் 1 கிலோ. அப்படிப் போனால் தடங்கல் இல்லாத பட்சத்தில் பன்னிரண்டாவது வார முடிவில் 67 கிலோ. 107.5 பக்கத்தில் இது சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் இது காகிதத்தில் மட்டும் இருக்கும் எண் இல்லை. ஆப் தானாகப் போட்டுவைக்கும் எடையைத் தட்டி, வேண்டிய எடையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

1 கிலோ கூட்ட வேண்டுமென்றால் அரை கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும். நம்மூர் ஜிம்களில் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோவாகத்தான் இருக்கும். ஜோடியாகப் போட்டால் 5 கிலோ. சில இடங்களில் 1.25 கிடைக்கும். ஆப் சொல்லும் 2.5 கிலோவுக்கே இந்த 1.25 ஜோடி தேவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இல்லாத இடத்தில் 5 கிலோவாகத் தாவி இரண்டாவது வாரத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அரை கிலோ பிளேட்டுகளை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது ஒரே முறை செலவு. வாங்கும்போது துளையின் விட்டத்தைக் கேளுங்கள்: ஒலிம்பிக் பார் என்றால் 50 மி.மீ., உள்ளூர் மெல்லிய ராடு என்றால் அதற்கேற்ற சின்னத் துளை. பிளேட் கிடைக்கவில்லையென்றால் கணுக்காலில் கட்டும் அரை கிலோ எடைப் பட்டை ஒரு ஜோடியை பாரின் இரு முனைகளிலும் இறுக்கிச் சுற்றினாலும் வேலை நடக்கும்.

1 கிலோ படியில் போகும்போது இன்னொரு தொல்லை வரும். வார்ப்பிரும்பு பிளேட்டில் 10 என்று எழுதியிருப்பதால் அது 10 கிலோ ஆகிவிடாது. அரை கிலோ முன்னே பின்னே இருப்பது சாதாரணம். திங்களன்று ஒரு ஜோடி, புதனன்று வேறு ஜோடி போட்டால் நீங்கள் கூட்டிய 1 கிலோ காணாமல் போகும், அல்லது 2 கிலோவாகும். எப்போதும் அதே பிளேட்டுகளை எடுப்பதற்கு விளிம்பில் நெயில் பாலிஷால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டால் போதும். பூட்டும் கிளிப்பையும் மாற்றாதீர்கள். ஸ்பிரிங் கிளிப் எடை அற்பம், போட்டிகளில் போடும் காலர் ஒன்று 2.5 கிலோ.

பாரின் எடையையும் ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஆப் 20 கிலோ என்று எடுத்துக்கொள்ளும். ஐந்தடி, ஆறடி மெல்லிய ராடுகள் 8, 10 கிலோதான் வரும். ஸ்மித் மெஷினில் தூக்குவதை இந்த ஆப்பில் பதியவே வேண்டாம். தண்டவாளத்தில் ஓடும் பாரின் எண்ணுக்கும் இதற்கும் ஒப்பீடு கிடையாது. பளுதூக்கும் போட்டிகளில் பெண்களுக்கு 15 கிலோ பார்: 201 செ.மீ. நீளம், பிடி 25 மி.மீ. ஆண்களுக்கு 20 கிலோ, 220 செ.மீ., 28 மி.மீ. பவர்லிஃப்டிங்கில் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றுக்கும் நடக்கும் போட்டி) இரு பாலாருக்கும் 20 கிலோ பார்தான். ஸ்குவாட்டில் பிடியின் தடிமன் முக்கியமில்லை, ஆகவே 15 கிலோ பாருக்காக ஜிம் மாற வேண்டியதில்லை. 20 கிலோவே முதல் நாளில் கனக்கிறது என்றால் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்து காப்ளெட் ஸ்குவாட் செய்யுங்கள். 12 கிலோவில் 5 ரெப் வீதம் 3 செட் முழு ஆழத்துக்குப் போக முடிந்த நாளில் காலி பாருக்கு மாறலாம். ஆப்பின் அடிப்படைத் திட்டத்தில் இதற்கு இடமில்லை. பெண்களுக்கு இது ஒரு குறைதான், வயதானவர்களுக்கும் குறை.

முழு ஆழம் என்றால் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பகுதியைவிடக் கீழே போக வேண்டும். போட்டி விதியும் அதுவே. எடை கூடக்கூட ஆழம் குறைவதுதான் பொய்யான முன்னேற்றத்தின் முதல் அடையாளம். ஆப்பில் வட்டத்தைத் தட்டினால் செட் முடிந்ததாகப் பதிவாகும், ஆழத்தை யார் பார்ப்பது? வாரம் ஒருமுறை கடைசி செட்டைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் ஃபோனை வைத்து எடுங்கள். ஆழம் போகாத ரெப்பை ரெப்பாக எண்ணாதீர்கள்.

இனி, எங்கே உடைகிறது, எப்படி உடைகிறது என்பதற்கு வருவோம். 45, 50 கிலோ பக்கம் வந்ததும் பல பெண்களுக்கு ஒரு வினோதம் நடக்கும். நாலாவது ரெப் சுலபமாக எழும், ஐந்தாவது பாதியில் அப்படியே நின்றுவிடும். ஆண்களிடம் வேகம் படிப்படியாகக் குறைந்து கடைசி ரெப் தவழ்ந்து ஏறும். பெண்கள் பலருக்கு அந்த முன்னெச்சரிக்கை வராது. பயிற்சியாளர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பெண்களுக்கு 5 ரெப் செட்டை 3 ரெப்பாக உடைக்கச் சொல்கிறார்கள். ஆப்பின் யோசனை வேறு: இறக்கு, மறுபடி ஏறு, திரும்பத் திரும்பத் தோற்றால் 3 செட்டாகக் குறை. இந்த 10 சதவீத இறக்கத்தைக் குறைந்த எடையில் போட்டுப் பாருங்கள். 50-இல் தோற்றால் 45, அடுத்து 47.5, அடுத்து மறுபடி 50. அதாவது ஒரே வாரத்தில் அதே சுவர். அதற்குள் உடம்பில் என்ன மாறியிருக்கும்? 1 கிலோ படியில் வந்தால் 45-லிருந்து 50-க்கு இன்னும் ஐந்து நாள் பயிற்சி கிடைக்கும். இறக்கத்துக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

அதற்குப் பிறகும் நின்றால் 5×5-ஐ விட்டு 5×3-க்கு மாறுங்கள். எடையை இறக்க வேண்டாம். 52 கிலோவில் மூன்று முறை தோற்றவர், அடுத்த முறை அதே 52 கிலோவில் 3 ரெப் வீதம் 5 செட் செய்யட்டும். மொத்தம் 15 ரெப். ஒவ்வொரு செட்டும் அந்தத் திடீர் நிறுத்தத்துக்கு முன்பே முடிந்துவிடும். கூடவே புதன்கிழமையை லேசான நாளாக்குங்கள்: 80 சதவீதம், அதாவது 42 கிலோ, 5 ரெப் வீதம் 2 செட். திங்களும் வெள்ளியும் 1 கிலோ கூட்டுங்கள். வாரத்துக்கு 2 கிலோ. பார்க்க மந்தமாகத் தெரியும் இந்த ஏற்றம் மாதக்கணக்கில் ஓடும்.

ஓய்வு நேரத்தில் ஆப் சொல்வது சரி: சுலபமாக முடிந்தால் ஒன்றரை நிமிடம், சிரமப்பட்டால் மூன்று, தோற்றால் ஐந்து. அலாரத்துக்கு முன்பே அடுத்த செட்டில் இறங்குபவர்கள் அதிகம். வியர்த்தால்தான் பலன் என்ற நம்பிக்கை இதற்குக் காரணம். ஜிம்மில் ராக்குக்காக (பாரைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம்) முறைத்துக்கொண்டு நிற்கும் ஆள் இன்னொரு காரணம். செட்டுகளுக்கு நடுவே பெண்கள் சற்று வேகமாக மீள்வது உண்மைதான். அதற்காக 60 விநாடி போதாது. வார்ம்-அப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்: 50 கிலோ நாளில் காலி பார் 5 ரெப் இரண்டு முறை, 30-இல் 5, 40-இல் 3, 45-இல் 1, பிறகு 50-இல் அன்றைய செட்டுகள்.

ராக் உயரத்தைப் பற்றி ஆப்பில் எதுவுமில்லை, ஆனால் ஐந்தடி உயரப் பெண்ணுக்கு இதுவே பெரிய ஆபத்து. முந்தைய ஆள் விட்டுப்போன கொக்கியில் பாரை எடுக்க நுனிக்காலில் எழ வேண்டியிருந்தால், திரும்ப வைக்கும்போது களைத்த காலோடு அதே நுனிக்காலில் எழ வேண்டும். கொக்கி அக்குள் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அடியில் புகுந்து தூக்க வேண்டும். பாதுகாப்புக் கம்பிகளைக் காலி பாரோடு அடிவரை உட்கார்ந்து பார்த்து, அதற்கு ஒரு துளை கீழே மாட்டுங்கள். ஐந்தாவது ரெப் நின்றுபோனால் கம்பியில் அமைதியாக இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். பின்னால் நின்று மாஸ்டர் இடுப்பைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்துக்கு அவசியமே இருக்காது.

உடை, கூந்தல் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பின்னல் பாருக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டினால் தலை பின்னால் இழுபடும். கழுத்தோரக் கொண்டை பாரை உட்காரவிடாது. பின்னலை முன்னால் போடுங்கள், அல்லது உச்சியில் கொண்டை போடுங்கள். வழுவழுப்பான டிரை-ஃபிட் துணியில் பார் கீழே சறுக்கும். சாதாரணப் பருத்தி டி-ஷர்ட் நல்லது. மெத்தென்ற ஓட்டக் காலணியில் குதிகால் ஆடும். தட்டையான அடி உள்ள கான்வாஸ் காலணி போதும். அனுமதி இருந்தால் வெறுங்கால்.

ஏறும்போது முழங்கால் உள்ளே சாய்வது பெண்களிடம் அதிகம் தெரியும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து விரல்களை 30 பாகை வெளியே திருப்பி, முழங்கால் விரல் போகும் திசையிலேயே போக வேண்டும் என்று பழகினால் பலருக்குச் சரியாகிவிடும். கடைசி ரெப்பில் மட்டும் லேசாகச் சாய்ந்தால் அது எடையின் வேலை. முதல் ரெப்பிலேயே சாய்ந்தால் எடையைக் குறையுங்கள். தும்மும்போதுபோல ஸ்குவாட்டில் சிறுநீர் கசிவது பிரசவமான பெண்களிடம் மட்டுமல்ல, மற்றவர்களிடமும் சகஜம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு ராடை விட்டுவிடுகிறார்கள். இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தால் பெரும்பாலோருக்குக் குறையும்.

எல்லாம் சரியாகச் செய்தும் 40 கிலோவுக்குக் கீழேயே எடை நின்று, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினால் ஆப்பை மூடிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும்போது எந்தத் திட்டமும் ஓடாது. அடுத்து புரதம்: உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் 55 கிலோ பெண்ணுக்கு 88 கிராம். நாலு இட்லியில் 8 கிராம் தேறினால் அதிகம்; ஒரு முட்டையில் 6. காலை உணவை அப்படியே விட்டு, கூட இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ப்பதுதான் நடைமுறைக்கு வரும். எடை குறைக்கும் டயட்டையும் இந்த ஆப்பையும் ஒரே மாதத்தில் தொடங்குபவர்கள் இரண்டிலும் பாதி வழியில் நிற்பார்கள்.

மாதவிடாய் நாட்களில் எடையைக் குறைக்க வேண்டும் என்று பொது விதி எதுவும் இல்லை. சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது, சிலருக்கு முதல் இரண்டு நாள் 10 சதவீதம் குறைத்தால்தான் ஓடும். ஆப்பின் குறிப்புப் பகுதியில் தேதியைப் போட்டு வையுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் போக்கு தெரிந்துவிடும், அந்த நாளில் தோற்றதை ஆப் தோல்விக் கணக்கில் சேர்த்தாலும் நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை.

காசைப் பொறுத்தவரை ஸ்குவாட் கணக்குக்கு இலவசப் பதிப்பே போதும். சந்தா கட்டுவதற்கு முன்னால் அந்தப் பணத்தில் அரை கிலோ பிளேட் ஜோடியை வாங்குங்கள். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 20 கிலோ காலி பார் பல பெண்களுக்கு முதல் நாளிலேயே ஏறாது. அதற்கு டம்பெல்லில் தொடங்கி, அரை கிலோ படியில் போக வேண்டும். 5×3-இலும் வாரம் 2 கிலோ ஏறாத நிலை வந்ததும் ஆப்பை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடை கூட்டும் திட்டத்துக்கு மாறுங்கள்: திங்கள் 5×5 நடுத்தர எடை, புதன் லேசு, வெள்ளி மூன்று ரெப்பில் அந்த வாரத்தின் புது எடை.