ஃபோல்டபிள் போன் ஸ்க்ரீன் வாரண்டி: பாத்தவுடனே 'பிசிக்கல் டேமேஜ்'னு எழுதிட்டாங்க, 5க்கு 2 ஸ்டார்

ரெண்டு ஸ்டாருமே உள்ள உக்காந்து வேலை பாக்கற டெக்னீசியன் தம்பிக்குத்தான், கவுன்டருக்கும் கம்பெனிக்கும் சேத்து முட்டை. கோயம்புத்தூர்ல இருக்கற ஆதரைஸ்டு சர்வீஸ் சென்டர், பிராண்டு பேரு போடல, எந்த பிராண்டு வெச்சிருக்கறவங்களுக்கும் கிளைம் ரிஜெக்ட் ஆனா இது உதவும்னுதான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன்.

போன் ஃபிளிப் மாடல், மேலயிருந்து கீழ மடிக்கறது. வாங்கி ஒரு வருசம் முடியல, வாரண்டி இருக்கு. ஒரு நாள் காலைல அலாரம் ஆஃப் பண்ணலாம்னு திறந்தா மடிப்பு இருக்கற எடத்துல இந்த ஓரத்துலயிருந்து அந்த ஓரம் வரைக்கும் நேரா ஒரு கருப்புக் கோடு, கீழ் பாதி டச் எடுக்கல, சாயங்காலத்துக்குள்ள கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கருப்பு பரவ ஆரம்பிச்சிருச்சு. கீழ விழல, வெளி ஸ்க்ரீன்ல கீறல் இல்ல, ஃப்ரேம்ல ஒரு நசுங்கல் கிடையாது.

கவுன்டர்ல இருந்த பொண்ணு போனை வாங்குச்சு, திறந்துச்சு, மூடுச்சு, உள்ள போயிட்டு வந்து "சார் இது பிசிக்கல் டேமேஜுங்க, வாரண்டில வராது, எஸ்டிமேட் போட்டுரட்டுங்களா"ன்னு கேக்குது. ஒரு டீ குடிக்கற நேரம் கூட ஆகல. எஸ்டிமேட் கிட்டத்தட்ட 30,000, ஜிஎஸ்டி தனி. எங்கம்மா அடி பட்டிருக்கு, கொஞ்சம் காட்டுங்கன்னேன். "ஸ்க்ரீன் உடைஞ்சிருக்குல்லங்க சார், அதான்." உடைஞ்சதாலதான கொண்டு வந்திருக்கேன், உடைஞ்சதே வாரண்டி இல்லாததுக்கு காரணம்னா ஸ்க்ரீனுக்கு வாரண்டின்னு எதுக்கு அட்டைல அச்சடிக்கறீங்க? அதுக்கு பதில் இல்ல, பாவம் அந்தப் பொண்ணுக்கு அவ்ளோதான் சொல்லிக் குடுத்திருக்காங்க போல.

இங்கதான் விசயம் தெரிஞ்சிருக்கணும். இந்த மாதிரி போன்ல மேல நம்ம விரல் படறது கண்ணாடியே இல்ல, பிளாஸ்டிக் ஃபிலிம். அதுக்கு அடியிலதான் அல்ட்ரா தின் கிளாஸ்னு ஒண்ணு, ரொம்ப மெல்லிசான கண்ணாடி, தலைமுடி தடிமன் அளவுக்குள்ளதான் இருக்கும். அதுக்கும் அடியில படம் காட்டற ஓஎல்இடி பேனல், அதை தாங்கற மெட்டல் ஷீட். ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் இத்தனை லேயரும் அந்த ஒரே கோட்டுலதான் வளையுது. அடி பட்டு உடைஞ்சா பொதுவா ஒரு புள்ளியிலயிருந்து கிளை கிளையா விரிசல் ஓடும், பட்ட எடத்துல பள்ளம் தெரியும், பெரும்பாலும் பக்கத்துல ஃப்ரேம்லயும் ஒரு அடையாளம் இருக்கும். மடிச்சு மடிச்சு தேஞ்சு போனா மடிப்பு மேலயே நேர்கோடா போகும். நூத்துக்கு நூறு இப்படியேதான்னு சொல்ல முடியாது, ஆனா பிசிக்கல் டேமேஜ்னு எழுதறவன் அந்தப் புள்ளிய காட்டணுமா இல்லையா?

காட்டுங்கன்னு நான் நின்னதாலதான் டெக்னீசியன் தம்பிய வெளிய கூப்பிட்டாங்க. அவரு டார்ச்சை சாய்ச்சு அடிச்சு, லென்ஸ் வெச்சு ஒரு ஓரத்துலயிருந்து மெதுவா நகத்திட்டே போனாப்ல, ஃபிலிம் மேல விரல் நகத்தை வெச்சு தடவிப் பாத்தாப்ல, ஹின்ஜ், அதாவது போன் மடியற கீல், அதையும் ரெண்டு பக்கமும் பாத்தாப்ல. அப்புறம் தணிஞ்ச குரல்ல "இம்பாக்ட் பாயின்ட், அடி பட்ட புள்ளி எதுவும் தெரியலங்கண்ணா, லிக்விட் ஸ்டிக்கரும் வெள்ளையாத்தான் இருக்குது"ன்னாரு. தண்ணி போயிருந்தா உள்ள அந்த ஸ்டிக்கர் செவந்திருக்கும். ரெண்டு ஸ்டார் இதுக்குத்தான். ஆனா முடிவு எடுக்கறது அவரு இல்ல, போட்டோ எடுத்து மேல அனுப்புவாங்களாம், மேல இருக்கறவங்க போட்டோவ பாத்தே ரிஜெக்ட் போடுவாங்களாம்.

அப்ப மேனேஜர் வந்தாரு. "ப்ரோ, நீங்க மூடும்போது நடுவுல மண்ணு துகள் ஏதாச்சும் மாட்டியிருக்கும், அதுவும் பிசிக்கல் டேமேஜ்தான்." துகள் மாட்டியிருந்தா அது அழுத்தின பள்ளம் எங்கன்னு கேட்டா பேச்சு மாறுது. சரி துகளே உள்ள போயிருக்குன்னு வெச்சுக்குவோம். இந்த போன்ல ஐபி48னு ஒரு பாதுகாப்பு ரேட்டிங் போட்டு விக்கறாங்க, கடைசி 8 தண்ணிக்கு, முன்னாடி இருக்கற 4தான் தூசிக்கு, அதோட அர்த்தம் 1 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கற துகளைத்தான் தடுக்கும். நம்ம ரோட்டுப் புழுதி என்ன ஜல்லிக்கல் சைஸ்லயா பறக்குது? பொடி தூசி உள்ள போகும்னு தெரிஞ்சே வித்துட்டு அது போனா நான் பொறுப்பாம். இது புதுசா கண்டுபிடிச்ச பிரச்சனையும் இல்ல, 2019 ஏப்ரல்ல சாம்சங் முதல் ஃபோல்டை ரிவ்யூவுக்கு குடுத்தப்ப ரெண்டு மூணு நாள்லயே சிலருக்கு ஸ்க்ரீன் போச்சு, வெளியீட்டையே தள்ளி வெச்சு ஹின்ஜோட மேல கீழ மூடி எல்லாம் போட்டு செப்டம்பர்லதான் விட்டாங்க. (இதை வெச்சு என்னோடது எந்த பிராண்டுன்னு கணக்கு போடாதீங்க, மடிக்கற போன் எல்லாத்துக்கும் அங்கதான் வலி.)

விளம்பரத்துல 2 லட்சம் தடவை மடிக்கலாம்னு போட்டிருந்தாங்க. ஒரு நாளைக்கு 100 தடவைன்னாலும் 2,000 நாள், அஞ்சு வருசத்துக்கு மேல. அதுல கால்வாசி கூட நான் தாண்டியிருக்க முடியாது.

இப்ப முக்கியமானது. போனை திரும்ப வாங்கும்போது ஜாப் ஷீட்ல சைன் கேப்பாங்க, அதுல பொடி எழுத்துல டேமேஜை கஸ்டமர் ஒத்துக்கறாருன்னு ஒரு வரி இருக்கு. நான் கையெழுத்துக்கு மேல "பிசிக்கல் டேமேஜ்ங்கறதை நான் ஏத்துக்கல, இம்பாக்ட் பாயின்ட் காட்டப்படல"ன்னு பேனாவுல எழுதி, அதோட போட்டோ எடுத்துட்டுத்தான் சைன் போட்டேன். கவுன்டர்ல "இதெல்லாம் எழுதக்கூடாது சார்"னாங்க. எந்த ரூல்ல இருக்குன்னு கேட்டேன், விட்டுட்டாங்க. அடுத்து ரிஜெக்ட் காரணத்தை ஈமெயில்ல குடுங்கன்னு கேட்டேன். கஸ்டமர் கேர்ல போன்ல எவ்ளோ வேணா இனிக்க இனிக்க பேசுவாங்க, எழுத்துல கேட்டாத்தான் சுருதி எறங்கும். வாங்கின கடைக்காரரு கம்பெனிய பாருங்கன்னு கைய விரிச்சுட்டாரு, அந்தக் கதைய விடுங்க.

1915க்கு போட்டேன், நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அவங்களால ஆர்டர் எல்லாம் போட முடியாது, புகாரை கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்குவாங்க, அவ்ளோதான். ஆனா அதுக்கப்புறம் கம்பெனிலயிருந்து கூப்பிடற ஆளோட லெவலே மாறுது. "ஸ்பெஷல் கேஸா 50 சதவீதம் டிஸ்கவுன்ட் தர்றோம் சார்"னாங்க. என் தப்புன்னா எதுக்கு பாதி, உங்க தப்புன்னா எதுக்கு பாதி மட்டும்? அதுவுமில்லாம அதை வாங்கிட்டா புகாரை செட்டில்டுன்னு க்ளோஸ் பண்ணிருவாங்க. வேண்டாம்னுட்டேன்.

பிறகு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு நோட்டீஸ், வக்கீல் இல்லாம நானே எழுதினது. பில், ஜாப் ஷீட் போட்டோ, ஈமெயில், விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் இணைச்சு, 15 நாள்ல சரி பண்ணலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன்னு. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நாம குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, பிரச்சனை வந்து 2 வருசத்துக்குள்ள போடணும், ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், நாமளே வாதாடலாம். ஆணையம் நெனைச்சா பொருளை லேபுக்கு அனுப்பி டிஃபெக்டான்னு பாக்க சொல்லலாம், 38ஆவது பிரிவுல இருக்கு. நோட்டீஸ்ல அந்த லேப் வரிய தனியா தடிச்ச எழுத்துல போட்டேன். எனக்கென்னமோ அந்த ஒரு வரிதான் வேலை செஞ்சுதுன்னு தோணுது, ஏன்னா கெடு முடியறதுக்கு முன்னாடியே கம்பெனிலயிருந்து கால் வந்துச்சு, "ஒன் டைம் எக்ஸெப்ஷனா ஃப்ரீயா மாத்தித் தர்றோம் சார்".

மாத்தினாங்க, ஃப்ரேமோட சேத்து புது பேனல், வேலை சுத்தமா இருக்கு, அதே தம்பிதான் மாட்டினாரு. ஆனா கடைசி வரைக்கும் ரிஜெக்ட் பண்ணது தப்புன்னு ஒரு வரி எழுதித் தரல. பில்லுல வாரண்டின்னு போடாம குட்வில்னு போட்டிருக்காங்க, புது ஸ்க்ரீனுக்கு வெறும் 90 நாளாம். வாரண்டில மாத்தினதா, தானமா குடுத்ததான்னு தெளிவா சொல்லுங்க, 90 நாள் கழிச்சு திரும்ப கோடு விழுந்தா யாரு பொறுப்புன்னு மெயில் போட்டிருக்கேன். இன்னும் பதில் இல்ல. வந்துச்சுன்னா ஸ்டாரை ஏத்தறதா எறக்கறதான்னு அப்ப பாத்துக்கறேன்.