டூல் கிட் பெட்டியா, தனித்தனிச் சாமானா, பழைய இரும்பா?

காரைக்குடியில் வீட்டு ரிப்பேருக்குக் கருவி வாங்க மூன்று வழி உண்டு. தள்ளுபடியில் வரும் டூல் கிட் பெட்டி ஒன்று. தப்பாரியா, ஸ்டான்லி மாதிரி கம்பெனிச் சாமானை ஹார்டுவேர் கடையில் தனித்தனியாக எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பார்ப்பது. பெட்டி வேண்டாம் என்பதே என் கட்சி. அதற்காக மலிவுச் சாமான் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன்.

ஸ்குரூ டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெட்டியில் ஸ்டார் முனைகள்தான் நிறைய இருக்கும். ஸ்டார் திருகு 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. நம் பக்கத்து வளவு வீடுகளில் (முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வீடுகள்) பெரும்பாலானவை அதற்கு முன்பே கட்டியவை. அந்த ஜன்னல் கதவிலும் அலமாரிக் கீலிலும் இருப்பது ஒற்றை வெட்டுத் திருகு. அதற்கு வேண்டியது நல்ல ஃபிளாட் முனை. முனை அந்த வெட்டின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாக உட்கார வேண்டும். மலிவு இரும்பு கொஞ்சம் அழுத்தித் திருகியதுமே முறுக்கிக்கொள்ளும், திருகின் வெட்டும் மழுங்கிவிடும். அப்புறம் பர்மா தேக்கிலிருந்து அதை எடுக்க மரத்தைத்தான் குடைய வேண்டும். கருவியில் மிச்சம் பிடித்த காசு கதவில் போய்விடும். கம்பெனிச் சாமானில் இரண்டு அளவு ஃபிளாட், ஒரு ஸ்டார் எடுத்தால் போதும்.

கட்டிங் பிளேயரும் அப்படித்தான். கடையிலேயே வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தால் அது ஒயரை வெட்டாது, நசுக்கும். மலிவு பிளேயரின் கைப்பிடி உறையை நம்பிக் கரண்ட் வேலையில் கை வைக்கவே கூடாது. மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். டெஸ்டரையும் பேர் தெரியாத கம்பெனியில் வாங்காதீர்கள். கரண்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே நிற்பது அதற்குள் இருக்கும் சின்ன ரெசிஸ்டர்தான்.

சுத்தியல், டேப், சுரண்டும் தகடு இவற்றில் மலிவே போதும். சுத்தியலில் தலை ஆடாமல் இருந்தால் சரி. டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும், அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெளியே மாட்டி அளந்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வர, கொக்கியின் கனத்துக்கு அது நகர வேண்டும்.

டிரில் மெஷினில் என் கருத்து கடைக்காரர் சொல்வதற்கு நேர்மாறானது. அவர் ஹேமர் வைத்த, அதாவது சுற்றுவதோடு இடித்தும் துளைக்கிற, 13 மி.மீ. கனம் வரை பிட் மாட்டும் மெஷினைத்தான் காட்டுவார். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஹேமர் போட்டால் துளையைச் சுற்றிக் காரை பெயர்ந்து விழும். ஆத்தங்குடிக் கல்லிலும் (தரையில் பதிக்கும் பூப்போட்ட டைல்ஸ்) ஹேமர் ஆகாது, விரிசல் விட்டுவிடும். ஹேமர் இல்லாத 10 மி.மீ. மலிவு மெஷினே இந்த வீடுகளுக்குப் போதும். கடையில் பிட்டை மாட்டி ஓட்டச் சொல்லிப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியாகத் தெரிய வேண்டும். வட்டம் போட்டால் வேண்டாம். மோட்டாருக்குள் தேய்ந்து மாற்ற வேண்டிவரும் கார்பன் பிரஷ் உள்ளூரில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மிச்சப் பணத்தை நல்ல பிட்டில் போடுங்கள். பின்கட்டில் புதிதாகக் கான்கிரீட் போட்டிருந்தால், அந்த வேலைக்கு மட்டும் ஹேமர் மெஷினை நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

உளிக்குப் பழைய சாமான் கடைதான். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும், மலிவு உளி அரை மணி நேரம் தாங்காது. நல்ல பழைய இரும்பு தீட்டத் தீட்ட நிற்கும். மேலாகப் பிடித்த துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உளியைத் திருப்பித் தட்டைப் பக்கத்தைப் பாருங்கள். கூர்முனை அருகே குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடி உடைந்திருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். ஆசாரியிடம் கொடுத்தால் புதுப் பிடி போட்டுத் தருவார்.